கண் சிமிட்டாத விளக்கு

விலங்கின் ஒரு வளையம் நோயாளியின் மணிக்கட்டில் இருந்தது. இன்னொன்று கட்டில் கம்பியில்.

நோயாளிக்கு நினைவில்லை. தலையைச் சுற்றிக் கட்டு. வாயில் குழாய். அவருக்காக ஓர் இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காவலுக்கு வந்த கான்ஸ்டபிள் நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஓடிடுவாருன்னு பயமா சார்?" என்று ரேடியோ கேட்டான்.

கான்ஸ்டபிள் ஜன்னலைப் பார்த்தார்.

"ஓடினாலும் மிஷினையும் கட்டிலையும் இழுத்துக்கிட்டுதான் ஓடணும். லிஃப்ட்ல எடம் பத்தாது."

"ரேடியோ," என்றாள் அண்ணி.

அவன் நிறுத்தினான்.

அவள் தனியார் துப்பறிவாளர். அவன் அவளுடைய கணவனின் தம்பி, உதவியாளன். அவன் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் வழக்கு கொண்டு வருபவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். பிறகு வக்கீல்கள். இப்போது போலீசும். ரேடியோ என்ற பெயர் அவள் வைத்தது. அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ என்பது முழுப்பெயர்.

வெளியே நடைபாதையில் நோயாளியின் மனைவி நின்றிருந்தாள். உட்கார மறந்துபோனவள் போல.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். இங்க ஆபரேஷன் பண்ண வசதியில்ல. இருட்டுறதுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம்."

"போக வேண்டியதுதானே?"

"விடமாட்டேங்கிறாங்க அண்ணி. காவல்ல இருக்கிறவரை வேற ஊருக்கு அனுப்பணும்னா கோர்ட்ல கையெழுத்து வாங்கணுமாம். இன்னைக்கு கோர்ட் லீவாம்."

"வழக்கே இல்லன்னா?"

"வழக்கு இல்லன்னா அவரை யாரு கேக்கப் போறாங்க? இந்நேரம் வண்டியில ஏத்தியிருப்பேன்."

அவ்வளவுதான் விஷயம். இருட்டுவதற்குள் வழக்கு உடைய வேண்டும்.

வழக்கு இது. மருந்துப் பெட்டிகளைச் சேமிக்கும் ஒரு கிடங்கு. அதன் கேமராக்களையும், கேமராப் படங்கள் பதிவாகும் பெட்டியையும் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் இவர். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஆளில்லாத முற்றத்தில், பின்னால் வந்த லாரி இவரை இடித்துவிட்டது. லாரியின் சக்கரத்துக்கு அடியில் இவருடைய பை. பைக்குள் நொறுங்கிய டிஸ்க் இரண்டு. பதிவுப் பெட்டியில் காணாமல் போனவையும் இரண்டு. டிஸ்க்கை உருவிக்கொண்டு ஓடும்போது லாரியில் விழுந்தார் என்று கிடங்கு புகார் கொடுத்தது. டிஸ்க் போனதால் படம் எதுவும் மிஞ்சவில்லை என்றது. லாரி டிரைவரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"அவரு எடுத்திருக்க மாட்டாரு," என்றாள் மனைவி. "ஆபீஸ் பேனா தெரியாம சட்டைப்பையில வந்துட்டாலே மறுநாள் மொத வேலையா கொண்டு போய் வெப்பாரு."

"யாராச்சும் உங்க பக்கம் பேசுறாங்களா?"

"மேனேஜர் அண்ணன் மட்டும்தான். தினமும் வந்து பார்க்கிறாரு. கண்ணு முழிச்சாரா, ஏதாச்சும் பேசினாரான்னு கேட்டுட்டுப் போறாரு. காலையிலகூட வந்தாரு. இன்னைக்கு அந்தப் பெட்டியைப் புதுசா செட் பண்ணப் போறாங்களாம். இன்ஸ்பெக்டர் போய் சீல் பிரிக்கிறாராம்."

அண்ணி நிமிர்ந்தாள். "இன்னைக்கா?"

"மத்தியானம்."

"வீட்டுல அவரு வேலையைப் பத்திப் பேசுவாரா?"

"பேசுவாரு. நான்தான் காதுல வாங்கமாட்டேன்." அவள் கைப்பேசியைத் தடவினாள். "போன மாசம் ஒரு வீடியோ அனுப்பினாரு. என் தம்பியைக் கிண்டல் பண்ணி. அவனுக்கு இன்னும் வேலை கெடைக்கல. எனக்குக் கோவம். பதில்கூடப் போடல."

"காட்டுங்க."

இருட்டு அறை. இருட்டில் ஒரே வரிசையாக ஆறு பச்சை விளக்குகள். படபடவென்று சிமிட்டின. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சந்தோஷமான குரல்.

"இங்க பாரு. ஆறு பேரு. அஞ்சு பேரு நாயா உழைக்கிறான். ஒருத்தன் மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டாம உக்காந்திருக்கான். இவனுக்கு நான் மச்சான்னு பேரு வெச்சிருக்கேன். வேற எவனாச்சும் விழுந்தாத்தான் எந்திரிப்பான். ஆனா எந்திரிச்சான்னா வீட்டையே தாங்குவான். உன் தம்பிகிட்டச் சொல்லு."

வீடியோ முடிந்தது.

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தார்.

அண்ணி இன்னொரு முறை போட்டாள். பிறகு இன்னொரு முறை.

"இதை எனக்கு அனுப்பும்மா," என்றாள்.

*

ரேடியோ வேனை ஓட்டினான். அண்ணி யாருடனோ கைப்பேசியில் பேசினாள். கேள்விகள் மட்டும். பிறகு வைத்தாள்.

"எனக்கும் புரியிற மாதிரி சொல்லுங்க அண்ணி. ஆறு டிஸ்க் எதுக்கு?"

"அஞ்சு டிஸ்க் சேர்ந்து ஒரே வேலை. படத்தைத் துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சம் வெச்சுக்கும். கூடவே, பக்கத்து டிஸ்க் செத்தா அதுல என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு குறிப்பும் வெச்சுக்கும். அதனால ஒண்ணு செத்தா மத்த நாலும் சேர்ந்து சமாளிச்சிடும்."

"ரெண்டு செத்தா?"

"அவ்வளவுதான்."

"ஆறாவது?"

"ஸ்பேர். சும்மா இருக்கும். ஒண்ணு விழுந்த உடனே இது அந்த எடத்துக்குப் போகும். செத்தது வெச்சிருந்ததையெல்லாம் மத்தவங்க இதுக்கு எழுதிக் குடுத்திடுவாங்க. இதையெல்லாம் மேய்க்கிறதுக்குப் பேரு கன்ட்ரோலர். ஒரு சின்ன அட்டை."

"சும்மா இருந்து, கஷ்டத்துல கை குடுக்கிற ஆளு. எங்க அண்ணன் வீட்டுல அப்படி ஒருத்தன் இருக்கான்."

"அவன் சும்மா இருந்து நான் பார்த்ததில்ல. வாய் ஓடிக்கிட்டே இருக்கும்."

சிக்னலில் நின்றார்கள். வெயில் கண்ணாடியில் அடித்தது. அண்ணி மேற்கே பார்த்தாள். சூரியன் சாயத் தொடங்கியிருந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"ரேடியோ. நீ டெக்னீஷியன். டிஸ்க் திருடணும். எதை எடுப்பே?"

"கெடைக்கிறதை."

"வேலை செய்யிற டிஸ்க்கை உருவினா கன்ட்ரோலர் கத்தும். ஊரே கூடும்."

ரேடியோ யோசித்தான். "ஸ்பேரை எடுப்பேன். சும்மா கெடக்கு. படம் நிக்காது. ஒருத்தனும் கவனிக்க மாட்டான்."

"உனக்கே தெரியுது."

"உனக்கேன்னா என்ன அர்த்தம்?"

"பச்சை விழுந்துடுச்சு. போ."

"டிரைவர்தான் அண்ணி. தப்பு பண்ணாதவன் எதுக்கு ஓடணும்?"

"ஓடினான்னு யாரு சொன்னது?"

"கிடங்குல சொன்னாங்க."

"அங்கதான் போறோம்," என்றாள்.

*

முற்றத்தைக் கழுவியிருந்தார்கள். ஈரம் காய்ந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மேலே, தூணில் ஒரு கேமரா கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் உயிரில்லை.

மேனேஜர் வாசலுக்கே வந்து வரவேற்றார். சலவைச் சட்டை. தணிந்த குரல்.

"அந்தம்மா பாவம். நான் சொல்லிப் பார்த்தேன், அவர் மேல வழக்கு வேண்டாம்னு. முதலாளிங்க கேக்கல. வாங்க. சீக்கிரம் பார்த்துட்டு விட்டுடுங்க. கேமரா இல்லாம மருந்துக் கிடங்கு நடத்தக் கூடாது."

"பெட்டியைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

"அவரு லீவு போட்டா நான்தானே பார்க்கணும். அவரே சொல்லிக் குடுத்திருக்காரு. ஒண்ணு போனா தாங்கும், ரெண்டு போனா கதை முடிஞ்சுதுன்னு. கடைசியில அவரே ரெண்டை உருவிட்டாரு. என்னத்தைச் சொல்ல?"

"டிரைவர்?"

"பயந்து ஓடிட்டான். பாவம், புள்ளகுட்டிக்காரன்."

"உங்களுக்கு எல்லாருமே பாவம்தான் சார்," என்றான் ரேடியோ.

கேமரா அறை சிறியது, குளிரானது, ஜன்னல் இல்லாதது. இன்ஸ்பெக்டர் அப்போதுதான் சீலைப் பிரித்து முடித்திருந்தார். பெட்டி விற்ற நிறுவனத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் வந்திருந்தாள். தரையில் மண்டியிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து புது டிஸ்க் ஒன்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இங்கயுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு தொண்டையைச் செருமினார். "மேடம், இங்கயுமா?"

அண்ணி பெட்டியின் முன் குனிந்தாள். செங்குத்தாக ஆறு தட்டுகள். இரண்டாவதும் மூன்றாவதும் இருந்த இடத்தில் ஓட்டை. மீதி நான்கில் கடைசி, ஆறாவது தட்டில், ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிவப்பு மையில் கையெழுத்து. ஸ்பேர்.

அவள் அதையே பார்த்தாள்.

"இதை இன்னும் ஆன் பண்ணலயே?"

"இல்ல மேடம்," என்றாள் பொறியாளர். "புது டிஸ்க் ரெண்டையும் சொருகிட்டு ஆன் பண்ணுவேன். கன்ட்ரோலர் உள்ள போய்ப் பழைய அமைப்பை அழிச்சுட்டுப் புதுசா கட்டிடுவேன். ஆறையும் சுத்தமா துடைச்சிடும்."

"துடைக்காம ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாமா?"

"அஞ்சுல ரெண்டு போச்சு மேடம். பிணத்துக்கு நாடி பார்க்கச் சொல்றீங்க."

"எங்க நிபுணரும் அதைத்தான் சொன்னாரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரு ஆன் பண்ணிப் பார்த்தாரா சார்?"

"எதுக்கு? எண்ணிப் பார்த்தாரு. ஸ்டிக்கர் ஒட்டினது ஸ்பேர், அதுல படம் இருக்காது. மிச்சம் அஞ்சு. அதுல ரெண்டு இல்ல. ஆன் பண்ணி ஏதாச்சும் கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

"அதானே," என்றார் மேனேஜர். "நீங்க ஆரம்பிங்கம்மா."

பொறியாளர் புது டிஸ்க்கை இரண்டாவது ஓட்டைக்கு நேராகப் பிடித்தாள்.

அண்ணியின் கைப்பேசி அடித்தது. நோயாளியின் மனைவி. குரல் அழவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"அண்ணி, ஒரு கண்ணு பாப்பா மட்டும் பெருசாயிட்டே போகுதாம். அப்படி ஆகக் கூடாதாம். டாக்டர் கத்துறாரு. இப்பவே கெளம்பணும்கிறாரு. கான்ஸ்டபிள் சாவியைக் குடுக்க மாட்டேங்கிறாரு. நான் கால்ல விழுந்தேன் அண்ணி. அவரும் அழறாரு, ஆனா குடுக்க மாட்டேங்கிறாரு."

"வண்டியை வாசல்ல நிறுத்தச் சொல்லுங்க. நான் கூப்பிடுறேன்."

வைத்தாள். கைப்பேசியைச் சேலை மடிப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சார். ஒரு மனுஷன் சாகப்போறாரு."

"தெரியும் மேடம். நான் மட்டும் என்ன கல்லா?" இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "எழுத்துல ஒரு புகார் இருக்கு. பையில டிஸ்க் இருந்திருக்கு. வெறும் இரக்கத்துல நான் வழக்கைக் கிழிச்சா என் சட்டையைக் கிழிப்பாங்க. ஒரு காரணம் குடுங்க. ஒண்ணே ஒண்ணு."

"தர்றேன். அந்த டிஸ்க்கைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

பொறியாளர் தானாகவே கீழே வைத்தாள்.

அண்ணி வீடியோவைப் போட்டு அவளிடம் நீட்டினாள். "இது இதே பெட்டிதானா?"

"ஆமா. இதே மாடல். இதே ரூம்தான், பின்னாடி இந்த ஏசி சத்தம்தான் கேக்குது."

"விளக்கை மட்டும் பாருங்க. சும்மா இருக்கிற டிஸ்க்கோட விளக்கு எப்படி எரியும்?"

"சிமிட்டாது. நிலையா எரியும். எழுத்தும் இல்ல படிப்பும் இல்ல, எதுக்குச் சிமிட்டணும்?" அவள் பார்த்தாள். உதட்டை அசைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "ஆறாவது சிமிட்டுதே."

"எது சிமிட்டல?"

"மூணாவது."

ரேடியோ பெட்டியைப் பார்த்தான். மூன்றாவது இடத்தில் ஓட்டை.

"அது எப்படி?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டிக்கர் ஆறாவதுலதானே இருக்கு?"

பொறியாளர் மெல்ல எழுந்தாள். "சார், மூணாவது டிஸ்க் முன்னாடி எப்பவோ செத்திருக்கும். ஆறாவது அந்த வேலைக்குப் போயிருக்கும். செத்ததைக் கழட்டிட்டு அதே தட்டுல புதுசு போட்டிருப்பாரு. அந்தப் புதுசுதான் இப்ப ஸ்பேர்."

"பழையபடி மாத்திக்க மாட்டாங்களா?"

"கன்ட்ரோலர்ல அப்படியும் வெக்கலாம். நிறையப் பேரு வெக்க மாட்டாங்க. ஒரு தடவை மொத்தத்தையும் எழுதுறதே டிஸ்க்குக்கு அடி. ரெண்டாவது தடவை எதுக்குன்னு விட்டுடுவாங்க. ஸ்பேர் அப்படியே எடம் மாறி மாறி சுத்திக்கிட்டு இருக்கும்."

"ஸ்டிக்கர்?"

அவள் முகம் சிவந்தது. "ஸ்டிக்கரை யாரும் மாத்த மாட்டோம் சார். அப்புறம் மாத்திக்கலாம்னு நெனைப்போம். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்."

"அப்ப போன ரெண்டுல..." என்று தொடங்கிய ரேடியோ நிறுத்தினான். அவன் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது அபூர்வம்.

"ஒண்ணுதான் உழைச்ச டிஸ்க்," என்றாள் அண்ணி. "இன்னொண்ணு வெறும் ஸ்பேர். சார், இதை டெக்னீஷியன் உருவினாருன்னு வெச்சுக்குவோம். படத்தை அழிக்கணும்னு நெனச்சிருந்தா மூணாவதைத் தொட்டிருக்க மாட்டாரு, அதுல ஒண்ணும் இல்லன்னு அவருக்குத் தெரியும். வெறும் திருட்டுன்னா மூணாவதை மட்டும் உருவியிருப்பாரு. ரெண்டாவதையும் மூணாவதையும் சேர்த்து எடுத்தவன், ஸ்டிக்கரை மட்டும் படிச்சவன். ஸ்பேர்னு எழுதியிருந்ததை ஒதுக்கிட்டு, பக்கத்துல பக்கத்துல இருந்த ரெண்டை உருவியிருக்கான்."

"அது போன மாச வீடியோ," என்றார் மேனேஜர். குரல் இன்னும் தணிந்துதான் இருந்தது. "அதுக்கப்புறம் திரும்ப மாறியிருக்கலாம். இல்லயா?"

பொறியாளர் அண்ணியைப் பார்த்தாள். "மாறியிருக்கலாம் மேடம்."

அது உண்மை. ஒரு மாதத்தில் இன்னொரு டிஸ்க் செத்திருந்தால், போன இரண்டும் உழைத்தவையாக இருந்தால், இந்த அறையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை.

"ஆன் பண்ணுங்க," என்றாள்.

பொறியாளர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், முதலாளிங்க..."

"பண்ணுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் ஊளையிட்டன. டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. ஒரு பச்சை. இன்னொரு பச்சை. பிறகு ஒரு கீச்சுக்குரல், விட்டு விட்டு, பல்லைக் கூச வைக்கும்படி. கன்ட்ரோலர் கத்தியது.

"செத்துடுச்சா?" என்றான் ரேடியோ.

"இருங்க."

திரை கறுப்பாக இருந்தது. எழுத்துகள் வரவில்லை. கீச்சு நிற்கவில்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டிக்கொள்ள அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு மணிக்கட்டு மட்டும் தோன்றியது.

"டிகிரேடட்," என்று படித்தாள் பொறியாளர்.

"அப்படின்னா?" இன்ஸ்பெக்டர்.

"நொண்டுது சார். சாகல. அஞ்சுல நாலு உயிரோட இருக்கு. படம் மொத்தமும் இருக்கும்."

ரேடியோ சுவரில் சாய்ந்தான். "மச்சான் குடும்பத்தைக் காப்பாத்திட்டாரு," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும்.

*

முற்றத்துக் கேமரா. மங்கலான மாலை. ஒலி கிடையாது.

டெக்னீஷியன் கட்டிடத்திலிருந்து வெளியே வந்தார். தோளில் பை, காலியாகத் தொங்கியது. கைவீசி நடந்தார். கேட்டைப் பார்த்து நடந்தார். பின்னால் லாரி வருவதைப் பார்க்கவில்லை. லாரியும் அவரைப் பார்க்கவில்லை. அவர் விழுந்தார்.

லாரி நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது. சலவைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார்.

இன்ஸ்பெக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து மேனேஜரைப் பார்த்தார்.

"டிரைவர் ஓடிட்டான்னு சொன்னீங்க."

"அவன் அன்னைக்கு வரவே இல்ல சார். கொஞ்ச நாள் கண்ணுல படாதேன்னு நான்தான் சொல்லி வெச்சேன். வண்டி வழியில நின்னுச்சு, கொஞ்சம் நகர்த்தலாம்னு ஏறினேன்..." மேனேஜர் உட்கார இடம் தேடினார். அறையில் நாற்காலி இல்லை. "அது விபத்து சார். வேணும்னு யாராச்சும் பண்ணுவாங்களா? விபத்து."

"இவ்வளவுதானே? நிறுத்திடலாமா?" என்று பொறியாளர் கேட்டாள்.

"ஓடட்டும்," என்றாள் அண்ணி.

திரையில் மேனேஜர் கட்டிடத்துக்குள் ஓடினார். முற்றத்தில் விழுந்தவர் மட்டும் கிடந்தார். படம் ஓடியது.

ரேடியோதான் முதலில் கண்டுபிடித்தான். "அண்ணி, இப்பதானே டிஸ்க்கை உருவியிருப்பாரு?"

"ஆமா."

"அப்புறம் எப்படிப் படம் இன்னும் ஓடுது?"

"ரெண்டு போனா கதை முடிஞ்சுதுன்னு நெனச்சிட்டாரு. கதை முடியல. அது அவருக்குத் தெரியாது."

திரையில் அவர் திரும்பி வந்தார். இப்போது ஓடவில்லை. கையில் இரண்டு டிஸ்க், வெளிப்படையாக. தலைக்கு மேலிருந்த கேமராவை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். அதன் கண்ணைப் பிடுங்கிவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. குனிந்து பையைத் திறந்தார். டிஸ்க்குகளைப் போட்டார். பையைப் பின் சக்கரத்துக்குக் கீழே தள்ளினார்.

அப்போது கீழே கிடந்தவரின் கை நகர்ந்தது.

அது தரையைத் தடவி வந்து மேனேஜரின் கால்சட்டை விளிம்பைப் பிடித்தது. தலை கொஞ்சம் உயர்ந்தது. வாய் திறந்து மூடியது. ஏதோ ஒரு சொல். திரும்ப அதே சொல். மேனேஜர் நின்று கேட்டார். பிறகு விரல்களைப் பிரித்துவிட்டு, லாரியில் ஏறி, சக்கரத்தைப் பையின் மேல் ஏற்றி நிறுத்தினார். இறங்கிக் கட்டிடத்துக்குள் போனார்.

படம் அங்கே அறுந்தது.

"கன்ட்ரோலர் கத்தியிருக்கும்," என்றாள் பொறியாளர். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "அந்தச் சத்தம் தாங்காம பெட்டியையே ஆஃப் பண்ணியிருக்கணும்."

மேனேஜர் கதவைப் பார்த்தான். கதவில் ரேடியோ நின்றிருந்தான்.

"லிஃப்ட் ரிப்பேர் சார்," என்றான் ரேடியோ.

தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து, கண் விழித்தாரா, ஏதாவது பேசினாரா என்று கேட்டவன் கைகளை நீட்டினான். யாரும் கேட்பதற்கு முன்பே.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தார். "கழட்டுய்யா. ஆமா, நான்தான் சொல்றேன். என் பொறுப்பு. எழுத்து அப்புறம் வரும், மொதல்ல கழட்டு. அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளு. எனக்கும் சேர்த்துக் கேளு."

*

வேனில் ஏறும்போது வெயில் சுவர் உச்சிக்குப் போயிருந்தது. கைப்பேசி அடித்தது. சைரன் சத்தத்துக்கு நடுவே மனைவியின் குரல்.

"ஏத்திட்டோம் அண்ணி. போயிட்டிருக்கோம். டாக்டரும் கூட வர்றாரு."

"நல்லதும்மா."

"பொழைப்பாரான்னு கேட்டேன். ரோட்டைப் பாருங்கன்னு சொல்றாரு."

அண்ணி கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"அண்ணி. நீங்க படத்துல அவரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தாரு?"

"வேலை முடிச்சுட்டு வீட்டுக்குக் கெளம்பி வந்தாரு. கைவீசிக்கிட்டு."

"அப்புறம்?"

ரேடியோ சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான்.

"அப்புறம் படம் நின்னுடுச்சும்மா."

"யாரையும் கூப்பிடலயா? வலிக்குதுன்னு..."

"இல்ல. ஒரு நொடிதான். அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

சைரன் கேட்டுக்கொண்டே இருந்தது. மனைவி மூச்சை இழுத்து விட்டாள். "சரி அண்ணி," என்றாள். இணைப்பு அறுந்தது.

ரேடியோ கண்ணாடி வழியாக முற்றத்தைப் பார்த்தான். அண்ணியைப் போலவே அவனுக்கும் உதடு படிக்கத் தெரியும். படத்தில் அவர் மேனேஜரைப் பார்த்து இரண்டு முறை சொன்ன சொல், 'அண்ணே'.

"கோர்ட்ல அந்தப் படத்தைப் போடுவாங்க அண்ணி. அவங்க எதிர்லயே உக்காந்து பார்ப்பாங்க."

"தெரியும்."

"அன்னைக்கு உங்க மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுப்பீங்க?"

"அன்னைக்கு அவரு அந்தம்மா பக்கத்துல உக்காந்திருக்கணும்டா. அது போதும். என்னை அவங்க செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்." அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். "எடு வண்டியை. பெரிய ஆஸ்பத்திரிக்கு."